கிளாத்தெனில் நெல்வயல் வாங்கலாமா? ஜாவாவின் ஒரு நெல் மாவட்டத்தில் வாழ்வும் நிலமும்

மத்திய ஜாவாவின் கிளாத்தென் மாவட்டத்தில் ஒரு ஹெக்டேர் நெல்வயல் வாங்கிப் போடலாமா, ஆண்டில் சில மாதங்கள் அங்கேயே தங்கி வாழ முடியுமா, போய்வர வழி எப்படி, போட்ட பணத்துக்கு என்ன வரும், வெளிநாட்டவர் என்பதால் உள்ளூர் நண்பர் ஒருவர் பெயரில் எழுதி வைத்துக்கொண்டால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தாராளமாகப் போய்த் தங்குங்கள். வயலை வாங்காதீர்கள், அதிலும் இன்னொருவர் பெயரில் வாங்கவே வாங்காதீர்கள். சட்டம் ஒரு காரணம், வரவு செலவுக் கணக்கு இன்னொரு காரணம், அந்த மண்ணில் நிலத்துக்காக நடந்தவை மூன்றாவது காரணம். மூன்றையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிளாத்தென், யோக்யகர்த்தாவுக்கும் சோலோ நகருக்கும் நடுவே, மெராப்பி எரிமலையின் தென்கிழக்குச் சரிவில் தொடங்கிச் சமவெளியில் விரியும் மாவட்டம். மலையின் மேல்பகுதியில் பெய்யும் மழை சாம்பலும் மணலும் கலந்த மண்ணுக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளிப்படுகிறது. ‘உம்புல்’ என்று அழைக்கப்படும் இந்த ஊற்றுகள் போலான்ஹர்ஜோ, துலுங் ஒன்றியங்களில் நிறைய உண்டு. கோடையிலும் வற்றாத நீரும் எரிமலைச் சாம்பலால் வளம்பெற்ற மண்ணும் சேர்ந்திருப்பதால், வாய்க்கால் தலைப்பில் உள்ள வயல்களில் ஆண்டுக்கு மூன்று போகம் நெல் எடுக்கிறார்கள். டெலாங்கு என்ற ஊரின் பெயரைச் சொன்னாலே ஜாவாவில் நல்ல அரிசி என்று புரிந்துகொள்வார்கள். அங்கே விளைந்த ரோஜோலெலே என்ற மணமுள்ள பாரம்பரிய நெல் உயரமாக வளர்ந்து காற்றில் சாயும். கதிர் முற்ற ஐந்து மாதம் ஆகும். அதனால் உழவர்கள் அதைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார்கள். பிறகு மாவட்ட நிர்வாகமும் இந்தோனேசியாவின் அப்போதைய அணுசக்தி முகமையான பாட்டனும் சேர்ந்து, விதையைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தித் தண்டு குட்டையான, சுமார் நான்கு மாதத்தில் விளையும் ஸ்ரீநுக் என்ற ரகத்தை உருவாக்கின. நீங்கள் அங்கே போனால் அந்த அரிசியைக் கேட்டு வாங்கிச் சமைத்துப் பாருங்கள்.

இவ்வளவு செழிப்பைப் பார்க்கிற வெளியூர்க்காரருக்கு நிலம் வாங்கும் ஆசை வருவது இயல்புதான். ஆனால் இந்தோனேசியாவின் 1960ஆம் ஆண்டு 5ஆம் எண் அடிப்படை நிலச் சட்டத்தின் 21ஆவது பிரிவு, ‘ஹாக் மிலிக்’ எனப்படும் முழு உரிமையை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. வாரிசுரிமையாலோ திருமணத்தாலோ வெளிநாட்டவர் கைக்கு அந்த உரிமை வந்தால்கூட, ஓர் ஆண்டுக்குள் அவர் அதை விட்டுக்கொடுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் நிலம் அரசைச் சேரும். 26ஆவது பிரிவு இன்னும் தெளிவானது. நேரடியாகவோ மறைமுகமாகவோ வெளிநாட்டவருக்கு நிலத்தைக் கைமாற்றும் நோக்கம் கொண்ட எந்த ஒப்பந்தமும் செல்லாது. நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. பினாமி ஏற்பாடு என்று நாம் சொல்வது இந்தப் பிரிவில் நேராகப் போய் மாட்டிக்கொள்கிறது.

தரகர்கள் இதற்கு ஒரு மாற்று சொல்வார்கள். நண்பர் பெயரில் நிலம், உங்கள் பெயரில் அவருக்குக் கடன் கொடுத்ததாக ஒரு பத்திரம், விற்பதற்கான பொது அதிகாரப் பத்திரம், கூடவே ஒரு நீண்டகாலக் குத்தகை என்று நான்கைந்து தாள்களை ஒன்றாகத் தைத்துக் கொடுப்பார்கள். தாளின் எண்ணிக்கை கூடுவதால் நோக்கம் மாறிவிடாது. வழக்கு என்று வந்தால் நீதிபதி பார்ப்பது நோக்கத்தைத்தான். வழக்கே வராமலும் சிக்கல் வரும். அந்த நண்பர் இறந்துபோனால் அவருடைய மனைவி மக்கள் வாரிசுகள் ஆகிறார்கள். அவர் கடன்பட்டால் வங்கி அந்த நிலத்தைப் பிடிக்கிறது. விவாகரத்து ஆனால் அது குடும்பச் சொத்தாகப் பங்குக்கு வருகிறது. நண்பர் நல்லவராக இருந்தும் நிலம் கைவிட்டுப் போவது இப்படித்தான். இந்தோனேசியரை மணந்தவர்களுக்கும் ஒரு சொல். சொத்தைத் தனித்தனியாக வைத்துக்கொள்ளும் உடன்படிக்கை இல்லாவிட்டால், மணத்துக்குப் பிறகு வாங்கும் நிலம் பொதுச் சொத்தாகி, இந்தோனேசியத் துணைக்கும் அந்த உரிமையைப் பெறுவதில் தடை வரும். அந்த உடன்படிக்கையைத் திருமணத்துக்குப் பிறகும் எழுதிக்கொள்ளலாம் என்று அரசியல் சாசன நீதிமன்றம் 2015ஆம் ஆண்டின் 69ஆம் எண் வழக்கில் வழிவிட்டிருக்கிறது. அப்படிப்பட்ட குடும்பங்கள் அதை முதலில் செய்துகொள்ள வேண்டும்.

வெளிநாட்டவர் என்ற தடை ஒருபக்கம் இருக்கட்டும். இந்தோனேசியக் குடிமகனுக்கே விளைநிலம் வாங்குவதில் ஒரு கட்டுப்பாடு உண்டு என்பது வெளியே பலருக்குத் தெரிவதில்லை. 1961ஆம் ஆண்டு 224ஆம் எண் அரசாணைப்படி, விளைநிலத்தின் உரிமையாளர் அந்த நிலம் இருக்கும் ஒன்றியத்திலேயே, அல்லது போய்ப் பயிர்செய்யும் தூரத்திலுள்ள பக்கத்து ஒன்றியத்தில் குடியிருக்க வேண்டும். வெளியூரில் குடியிருப்பவர் ஆறு மாதத்துக்குள் உள்ளூர்க்காரருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கே குடிபோக வேண்டும். அரசு ஊழியர்கள் போன்ற சிலருக்கு மட்டுமே விலக்கு. நடைமுறையில் இது மீறப்படுவதைப் பார்க்கலாம். ஆனால் உங்களுக்குப் பினாமியாக நிற்கும் நண்பர் ஜகார்த்தாவிலோ சுரபாயாவிலோ வசிப்பவராக இருந்தால், உங்கள் ஏற்பாடு இரண்டு சட்டங்களை ஒரே நேரத்தில் மீறுகிறது. அதே 1960களின் சட்டங்கள் ஒரு குடும்பம் வைத்திருக்கக்கூடிய நிலத்துக்கும் உச்சவரம்பு வைத்தன. மக்கள் மிக நெருக்கமாக வாழும் மாவட்டங்களில் நன்செய்க்கு அது 5 ஹெக்டேர்.

இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தெரிந்துகொள்ளாமல் கிளாத்தெனின் வயலைப் புரிந்துகொள்ள முடியாது. இந்தப் பகுதி சுரகார்த்தா (இன்று சோலோ என்று அழைக்கப்படும் நகர்) அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது. அரச குடும்பத்தாருக்கும் அதிகாரிகளுக்கும் மானியமாக விடப்பட்ட நிலங்களை, 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் குத்தகைக்கு எடுத்துக் கரும்பும் புகையிலையும் அவுரியும் போட்டார்கள். 1860இல் தொடங்கிய கொண்டாங் சர்க்கரை ஆலையின் கட்டடங்கள் இன்றும் சாலையோரத்தில் நிற்கின்றன. உழவரின் நிலத்தில் பாதியை ஆலை முறைமாற்றி எடுத்துக்கொள்ளும் ‘கிளெபாகான்’ என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. இந்தப் போகம் கீழ்வயலில் ஆலைக்குக் கரும்பு, மேல்வயலில் வீட்டுக்கு நெல்; அடுத்த முறை அது மாறும். உழவருக்குத் தன் நிலத்தில் எதைப் போடுவது என்ற முடிவு இல்லாமலிருந்தது. 1960இல் நிலக்காரரும் உழுபவரும் விளைச்சலைப் பங்கிடுவதை ஒழுங்குசெய்யும் சட்டமும் நிலச் சீர்திருத்தச் சட்டமும் வந்தபோது, பல ஊர்களில் அவை தாளோடு நின்றன. 1964இல் கம்யூனிஸ்ட் கட்சியைச் சார்ந்த உழவர் முன்னணியினர் தாங்களே வயலில் இறங்கிச் சட்டத்தை நிறைவேற்ற முயன்ற ‘தன்னிச்சை நடவடிக்கைகள்’ பெரிதாக வெடித்த இடங்களில் கிளாத்தென் முதன்மையானது. அதற்கு அடுத்த ஆண்டு கம்யூனிஸ்டுகளுக்கும் அவர்களின் ஆதரவாளர்களுக்கும் எதிராகத் தொடங்கிய படுகொலைகளில் மத்திய ஜாவாவின் இந்தப் பகுதி மிகக் கடுமையாக அடிபட்டது. இன்று தேநீர்க் கடையில் யாரும் இதைப் பற்றிப் பேசமாட்டார்கள். நீங்களும் கேட்க வேண்டாம். ஆனால் எழுபது வயதைத் தாண்டிய ஒருவரிடம் நிலத்தின் பழைய எல்லை பற்றிக் கேட்கும்போது அவர் ஏன் மௌனமாகிறார் என்பது உங்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அடுத்து வருமானக் கணக்குக்கு வருகிறேன். அரசு அறிவித்த நெல் கொள்முதல் விலை 2023இல் கிலோவுக்கு 5,000 ரூபியாவாக இருந்து, 2025 ஜனவரியில் 6,500 ரூபியாவுக்கு உயர்ந்தது. உழவர்களுக்கு இது உண்மையான ஆறுதல். நல்ல பாசன வயலில் ஹெக்டேருக்கு 6 டன் பச்சை நெல் என்று வைத்தால் ஒரு போகத்தின் மொத்த வரவு 3 கோடியே 90 லட்சம் ரூபியா. விளைச்சல் பங்குக்கு விட்டால் ‘மாரோ’ என்ற வழக்கப்படி பாதி நிலக்காரருக்கு, பாதி உழுபவருக்கு. ஆக நிலக்காரர் பங்கு 1 கோடியே 95 லட்சம். இரண்டு போகத்துக்கு 3 கோடியே 90 லட்சம். மூன்றும் நன்றாக விளைந்தால் 5 கோடியே 85 லட்சம். இனி நில விலை. பேச்சுக்குச் சதுர மீட்டர் 1 லட்சம் ரூபியா என்று வைத்தால் ஹெக்டேர் 100 கோடி. 3 லட்சம் என்று வைத்தால் 300 கோடி. முதல் கணக்கில் வருமானம் நூற்றுக்கு 4 முதல் 6 வரை. இரண்டாவதில் 2க்கும் கீழே. இதில் உரத்தில் உங்கள் பங்கு, நில வரி, பூச்சி விழும் ஆண்டு எதுவும் இன்னும் கழிக்கப்படவில்லை. எந்த வேலையும் இல்லாமல் வாங்கி வைத்திருக்கும் இந்தோனேசிய அரசுப் பத்திரங்களே 6 விழுக்காட்டை ஒட்டித் தருகின்றன. சாலைக்குப் பக்கத்து வயல்களின் விலை இரண்டாவது கணக்கை நோக்கியே போகும். அந்த விலை நெல் விளைச்சலுக்கானது அன்று.

அப்படியானால் அந்த விலையைக் கொடுப்பவர் எதற்காகக் கொடுக்கிறார்? நாளைக்கு அது வீட்டு மனையாகும், கடையாகும் என்று எதிர்பார்த்துத்தான். சோலோவிலிருந்து யோக்யகர்த்தா வழியாகக் குலோன்புரோகோ விமான நிலையம் வரை போடப்படும் சுங்கச் சாலை கிளாத்தெனின் வயல்களை ஊடறுத்துச் செல்கிறது; கர்த்தசூரா முதல் கிளாத்தென் வரையிலான பகுதி 2024இல் திறக்கப்பட்டது. இழப்பீடு பெற்ற குடும்பங்களில் பலர் அந்தப் பணத்தோடு பக்கத்து ஊர்களில் மாற்று வயல் தேட, அங்கே விலை ஏறியது. மனைத் தரகர்கள் பின்னாலேயே வந்தார்கள். ஆனால் இந்த எதிர்பார்ப்புக்கும் சட்டம் குறுக்கே நிற்கிறது. 2009ஆம் ஆண்டு 41ஆம் எண் சட்டம் நிலையான உணவு விளைநிலம் என்று வரையறுக்கப்பட்ட வயலை வேறு பயனுக்கு மாற்றினால் ஐந்து ஆண்டு வரை சிறையும் 100 கோடி ரூபியா வரை அபராதமும் விதிக்கிறது. 2021இல் நிலத்துறை அமைச்சகம் மத்திய ஜாவா உள்ளிட்ட எட்டு மாகாணங்களில் சுமார் 38 லட்சம் ஹெக்டேரைப் பாதுகாக்கப்பட்ட நன்செயாக அறிவித்து வரைபடம் வெளியிட்டது. அந்த வரைபடத்தில் பச்சையாக இருக்கும் வயலில் உங்கள் வீட்டுக்கு அனுமதி கிடைக்காது. வயல் நடுவே குடில் கட்டிப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் யோசனை பலருக்கு வருகிறது. அதற்கும் இதே கதிதான். ஒருவேளை மாற்றம் கிடைத்தாலும், வாய்க்காலின் நடுவில் ஒரு வயல் மேடாக்கப்பட்டால் அதற்குக் கீழேயுள்ள வயல்களுக்கு நீர் போகும் வழி அடைபடும். சட்டம் அனுமதித்தாலும் நான் அதைச் செய்யச் சொல்லமாட்டேன்.

நீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே நிலத்தின் மதிப்பு அது வாய்க்காலில் எத்தனையாவது மடையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஒவ்வோர் ஊரிலும் ‘உலு-உலு’ என்று ஒருவர் இருப்பார். நம் ஊரில் நீர்க்கட்டி, நீராணி என்று அழைக்கப்பட்டவரின் வேலைதான். கோடைப் போகத்தில் முறைவைத்து நீர் விடும் இரவுகளில் அவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, தலையில் கட்டிய விளக்கோடு வரப்பில் நடப்பார். ஒரு மடையில் வாழைத்தண்டும் சேறும் வைத்து அடைத்துவிட்டு அடுத்ததை அரையடி திறப்பார்; முறைக்காரர் பக்கத்தில் குந்தியிருந்து தன் வயலின் கடைசி மூலை நனையும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது முறை மீறி மடையைத் திறந்துவிட்டால் விடியற்காலையில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பொங்கோக் என்ற ஊர் 2009இல் ஊர் நிறுவனம் தொடங்கித் தன் ஊற்றுக் குளத்தைச் சுற்றுலாத் தலமாக்கி நாடு முழுக்கப் பெயர் பெற்றது. அதே நீர்ப்பகுதியில் புட்டியில் அடைக்க நீர் எடுக்கப்படுவதற்கு எதிராக உழவர்கள் குரல் எழுப்பியதும் உண்டு. குளியலுக்கும் புட்டிக்கும் வயலுக்கும் ஒரே ஊற்றுதான். வெளியூரில் இருக்கும் நிலக்காரருக்கு இரவில் வரப்பில் உட்கார ஆள் கிடையாது என்பதால், அவருடைய வயலுக்குத்தான் நீர் கடைசியில் வரும்.

பூச்சிக்கும் இதோடு தொடர்பு உண்டு. 2010, 2011ஆம் ஆண்டுகளில் புகையான் என்ற பூச்சி தாக்கி கிளாத்தெனின் வயல்கள் பெருமளவில் கருகின. இடைவெளியே விடாமல் நெல்லுக்குப் பின் நெல் நட்டதும், மருந்தை அளவுமீறித் தெளித்துப் புகையானைத் தின்னும் சிலந்திகளை அழித்ததும் முக்கியக் காரணங்கள். அதிலிருந்து மீளும் வழி, ஊரே சேர்ந்து ஒரே நேரத்தில் நடுவதும், மூன்றாம் போகத்தில் சோயாவோ பயறோ மாற்றிப் போடுவதும்தான். ஆனால் மூன்று போகக் குத்தகைப் பணத்தை முன்னமே வாங்கிவிட்ட நிலக்காரர் இருந்தால், உழுபவர் நெல்லை விட்டு வேறு பயிர் போடத் துணிவாரா? வெளியூர் முதலீட்டின் கேடு அங்கேயும் தெரிகிறது.

விற்பனை நடக்கும் விதத்தையும் அறிந்து வையுங்கள். பெரும்பாலான நெல் மூட்டையாகி விற்கப்படுவதில்லை. ‘தெபாசான்’ என்ற முறையில் அறுவடைக்குச் சில நாள் முன்பே வயலோடு விலைபேசப்படுகிறது. வியாபாரி வரப்பைச் சுற்றி ஒருமுறை நடப்பார். உள்ளே இறங்கி ஒரு கதிரை உருவி, மணியைப் பல்லில் கடித்துப் பதம் பார்ப்பார். பதர் எவ்வளவு என்று உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பார். பிறகு வீட்டுத் திண்ணையில் இனிப்பான தேநீரோடு பேச்சு நடக்கும். எடை போடுவதே இல்லை. வயலின் பரப்பும் கண்மதிப்பும்தான். அறுவடைக் கூலி, மழை, விலைச் சரிவு எல்லாம் வியாபாரியின் பொறுப்பாகிவிடுவதால் உழவர் இதை விரும்புகிறார். பங்குக்கு விட்ட வயலில் உண்மையில் எத்தனை டன் விளைந்தது என்று தூரத்திலிருக்கும் நிலக்காரர் அறியவே முடியாது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று எடுத்துவைத்த நெல்லை மட்டும், தெருத்தெருவாக வரும் நடமாடும் அரைவை வண்டியை நிறுத்தி அரைத்துக்கொள்வார்கள்.

ஆக, நிலத்துக்குச் சொந்தக்காரராக வேண்டியவர் யார் என்பதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை. இந்தோனேசிய நெல் உழவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அரை ஹெக்டேருக்கும் குறைவான நிலத்தையே உழுகிறார்கள். மானிய உரம்கூட உழவர் குழுவில் பதிந்தவருக்கு, அதிகபட்சம் 2 ஹெக்டேர் வரைதான் கிடைக்கும். வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கோடியும், பக்கத்து வயலை வாங்கி அரை ஹெக்டேரை முக்கால் ஹெக்டேராக்க நினைக்கும் உழவரின் எட்டாத தூரத்துக்கு விலையைத் தள்ளுகிறது.

இந்தோனேசியக் குடியுரிமை உள்ள உறவினர் ஒருவர் தமக்காகவே, அங்கேயே குடியிருந்து உழுவதற்காக வாங்குகிறார் என்றால் அது வேறு கதை. அவர் பார்க்க வேண்டியவை: சான்றிதழ் மாவட்ட நிலப் பதிவு அலுவலகத்தில் சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும், பத்திரம் அரசு நியமித்த நிலப் பத்திர அலுவலர் முன் கையெழுத்தாக வேண்டும், வரிச் சீட்டு உரிமைக்கான ஆதாரமாகாது. ‘கிரிக்’, ‘லெத்தர் சே’ என்ற பழைய ஊர்க் கணக்குத் தாள்களைப் பதிவுசெய்ய 2021ஆம் ஆண்டு 18ஆம் எண் அரசாணை கொடுத்த ஐந்தாண்டுக் கெடு 2026 பிப்ரவரி வரைதான். வாங்குபவருக்கு 5 விழுக்காடு வரை பதிவு வரியும், விற்பவருக்கு 2.5 விழுக்காடு வருமான வரியும் உண்டு. நிலம் ஒத்திக்கு விடப்பட்டிருக்கிறதா என்பதை ஊரில்தான் விசாரிக்க வேண்டும், ஏனென்றால் அது வாய்ப்பேச்சாகவே நடக்கும். ஏழு ஆண்டுக்கு மேல் ஒத்தியில் இருந்த விளைநிலத்தைப் பணம் வாங்காமல் திருப்பித் தர வேண்டும் என்று 1960இலேயே சட்டம் இருக்கிறது. ‘பெங்கோக்’ எனப்படும் ஊர் அதிகாரிகளின் சம்பள நிலத்தை விற்க முடியாது. அதைக் குத்தகைக்கு எடுத்து இலாபம் பங்கிட்டுத் தருகிறேன் என்று யாராவது கைபேசியில் செய்தி அனுப்பினால் பதிலே சொல்ல வேண்டாம்.

வெளிநாட்டவர் சட்டப்படி பணம் போடும் வழி இந்தோனேசியாவில் பதிந்த அந்நிய முதலீட்டு நிறுவனம்தான். அதற்கு நிலமும் கட்டடமும் நீங்கலாக ஒரு தொழிலுக்கு 1,000 கோடி ரூபியாவுக்கு மேல் முதலீடு வேண்டும். நெல் உலர்த்தும் இயந்திரம், அரைவை, சேமிப்பு ஆகியவற்றில் உண்மையான தேவை இருக்கிறது. மழைக்கால அறுவடையில் சாலையோரத் தார்ப்பாயில் காயவைத்த நெல் முளைவிடும் காட்சியைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்வார்கள். உங்கள் தொகை அந்த அளவுக்கு இல்லை என்றால் கிளாத்தெனை முதலீட்டு இடமாக நினைப்பதை விட்டுவிடுங்கள். வாழும் இடமாக அது மிக நல்லது.

வாழ்வதற்குச் சட்டம் தடையில்லை. வீட்டை ஆண்டு வாடகைக்கு எடுப்பது வெளிநாட்டவருக்கு இயலும். எளிய வழியும் அதுதான். இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 5 லட்சம் ரூபியாவில் வருகை விசா 30 நாளுக்குக் கிடைக்கும், ஒருமுறை இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம். மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்களுக்கு 30 நாள் வரை விசாவே வேண்டாம். அதற்கு மேல் தங்க நினைத்தால் முறையான தங்கல் அனுமதி பெற வேண்டும். விருந்தினராக வந்திருந்து வயலில் கூலிக்கோ வியாபாரத்துக்கோ வேலை செய்யக்கூடாது. எந்த வீட்டில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் தெருத் தலைவரிடம் பெயரும் கடவுச்சீட்டும் காட்டிப் பதிய வேண்டும். இதை வெறும் சடங்காக எண்ணாதீர்கள். அந்தத் தலைவர்தான் நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்தால் வண்டி பிடித்துக் கிளாத்தென் நகரின் சுராஜி திர்தொநெகோரோ அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகப் போகிறவர். டெங்கு பரவும் பகுதி இது. எலி மிகுந்த வயலோரங்களில் வெறுங்காலோடு நடந்தால் எலிக்காய்ச்சல் வரும், காலில் புண் இருந்தால் சேற்றில் இறங்காதீர்கள்.

ஊரார் உங்களிடம் எதிர்பார்ப்பது பணத்தை அன்று, முகத்தை. ஞாயிற்றுக்கிழமை வாய்க்கால் தூர்வாரும் ஊர்வேலைக்கு ஒரு மண்வெட்டியோடு போய் நில்லுங்கள். கல்யாண வீட்டுக்கு மொய் உறையோடு போங்கள், சாவு வீட்டுக்கு அழைப்பில்லாமல் போங்கள். மூத்த ஆண்களைப் ‘பா’ என்றும் பெண்களை ‘பு’ என்றும், இளையவர்களை ‘மாஸ்’, ‘ம்பா’ என்றும், முதியவர்களை ‘ம்பஹ்’ என்றும் அழையுங்கள். பெரியவர்கள் முன் கடந்து போகும்போது சற்றுக் குனிந்து ‘நுவுன் செவு’ என்று சொன்னால் போதும், பாதி அறிமுகம் ஆகிவிடும். அறுவடைக்கு முன் சில குடும்பங்கள் இன்னும் வயல் மூலையில் சோறும் முட்டையும் காயும் வைத்துத் தேவி ஸ்ரீயை வேண்டும் ‘விவிதான்’ நடத்துகிறார்கள். பெரும்பாலானோர் முஸ்லிம்களாக இருக்கும் ஊரில் அரபு வேண்டுதலோடு அது நடப்பதைப் பார்க்கலாம். ஜாத்தினோமில் சபார் மாதத்தில் அரிசிமாவு ஆப்பங்களைக் கூட்டத்தில் வீசியெறியும் யாக்கோவியு விழாவுக்கு வெளியூரிலிருந்தும் மக்கள் திரண்டு வருவார்கள்.

சைவ உணவுக்காரர்கள் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. சோயாவில் செய்யும் தெம்பே, டோஃபு, வேர்க்கடலைச் சாறு ஊற்றிய பெச்சல் கீரை எங்கும் கிடைக்கும். ஆனால் சம்பாலிலும் சில குழம்புகளிலும் இறால் விழுது சேர்த்திருப்பார்கள். ‘தெராசி இல்லாமல்’ என்று முன்னமே சொல்லிவிடுங்கள். மாலையில் தள்ளுவண்டியில் சிறுபொட்டலச் சோறும் இஞ்சித் தேநீரும் விற்கும் ஆங்கிரிங்கான் கடைகளின் பிறப்பிடம் பாயாட் ஒன்றியத்தின் ஙெராங்கான் என்ற ஊர்தான் என்பார்கள். நெல்விலையும் நீர்முறையும் பேசப்படும் இடம் அந்த விசுப்பலகைதான்.

பயணம் எளிது. கோலாலம்பூர் வழியாகக் குலோன்புரோகோவில் உள்ள யோக்யகர்த்தா பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்கி, ரயிலில் நகருக்கு வந்தால், அங்கிருந்து 8,000 ரூபியாவுக்கு மின்ரயில் கிளாத்தெனுக்கும் டெலாங்குவுக்கும் போகிறது. 2021 முதல் ஓடும் இந்த ரயில் பிரம்பானான், ஸ்ரோவோட், கிளாத்தென், செப்பெர், டெலாங்கு என்று மாவட்டத்தின் குறுக்கே நின்று செல்லும். ஊருக்குள் செயலி வழி இருசக்கர வாடகை வண்டி போதும். பன்னாட்டு உரிமம் இல்லாமல் நீங்களே வண்டி ஓட்டினால் விபத்துக்குக் காப்பீடு கிடைக்காது. பிரம்பானான் சிவன் கோயில் மாவட்ட எல்லையில் இருக்கிறது. கூட்டம் அங்கேயே நின்றுவிடும். கிளாத்தென் பக்கத்தில் உள்ள செவு, பிளாவோசான் பௌத்தக் கோயில்களுக்கு விடியற்காலையில் போங்கள். பிளாவோசானைச் சுற்றி நெல்வயல் வந்து முட்டுகிறது. பெடானில் கோடுபோட்ட லூரிக் துணியைக் கைத்தறியில் நெய்வதையும், பாயாட்டில் பெண்கள் சாய்ந்த சக்கரத்தில் மண்பாண்டம் வனைவதையும் பார்க்கலாம். மே முதல் செப்டம்பர் வரை மழையில்லாத காலம், காலையில் மெராப்பி தெளிவாகத் தெரியும். அது இன்னும் உயிரோடிருக்கும் எரிமலை. 2010 வெடிப்பில் 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், கெமாலாங் ஒன்றியத்து ஊர்கள் காலியாயின. 2006 மே 27 நிலநடுக்கத்தில் இம்மாவட்டத்தில் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தூண்களும் கம்பிக் கட்டும் உள்ள வீடாகப் பாருங்கள். பழைய செங்கல் சுவர் வீடுகள்தான் அன்று முதலில் விழுந்தன.

வாடகையை முதலில் ஓர் ஆண்டுக்கே பேசுங்கள். நவம்பர் நடவுக்கு முன்னால் போய்ச் சேர்ந்து, பிப்ரவரி மார்ச் அறுவடை வரை ஒரு போகம் முழுக்க ஒரே ஊரில் இருங்கள். டெலாங்கு, போலான்ஹர்ஜோ, ஜுவிரிங் மூன்றில் எதுவானாலும் நல்லது. கூடவே இந்தோனேசிய மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்கும் அளவுக்குக் கற்றுக்கொள்ளுங்கள். ரோமன் எழுத்தில் இருப்பதால் தாள்களையும் வரைபடத்தையும் நீங்களே வாசிக்க அது போதும், தரகர் வாசித்துச் சொல்வதை நம்பியிருக்க வேண்டியதில்லை.